சீட்டு யார் கையில்?

(அயல்நாட்டு வேலையை விட்டுத் திரும்பும் தொழிலாளியின் ஆவண உரிமை குறித்து, நம் சங்கத்தின் தொம்மலூர்க் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உழைத்துவிட்டு வந்திருக்கும் தோழர்களே! விசாவுக்குப் பணம் கட்டிவிட்டு நாள் பார்த்துக் கொண்டிருக்கும் இளைஞர்களே!

இந்தத் தொம்மலூரின் சொக்கநாதர் கோயிலுக்குப் போகிறவர்கள் சாமியைக் கும்பிட்டுவிட்டு வந்து விடுகிறோம். அங்குள்ள கற்களை நின்று பார்ப்பதில்லை. அந்தக் கற்களில் இருப்பது தமிழ் எழுத்து. தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் இந்த ஊரை அவை குறிக்கின்றன. பல நூறு ஆண்டுகளுக்கு முன்னால் கோயிலுக்கு யார் எதைக் கொடுத்தார்கள் என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். கொடுத்தவரும் இன்று இல்லை; வாங்கியவரும் இல்லை; எழுத்து நிற்கிறது.

தமிழன் இங்கே நேற்று வந்தவன் அல்லன் என்று பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அதற்கு வேறு மேடை உண்டு. எழுத்தில் இருப்பதுதான் நிற்கும் என்ற ஒரே செய்திக்காகச் சொல்கிறேன். பத்து ஆண்டு பாலைவனத்தில் கட்டடம் எழுப்பியவன் ஊர் திரும்பும்போது, அந்தப் பத்து ஆண்டும் அவன் உழைத்தான் என்பதற்கு என்ன எழுத்து அவன் கையில் இருக்கிறது? இதுதான் இன்றைய பேச்சு.

தாள் என்றால் என்ன?

வேலையை விட்டு வருகிறவன் கையில் இருக்க வேண்டியவை ஆறு. முதலாவது, பாஸ்போர்ட். இரண்டாவது, வேலை ஒப்பந்தத்தின் படி. மூன்றாவது, சம்பளச் சீட்டுகள் அல்லது வங்கிக் கணக்கின் விவரம். நான்காவது, எத்தனை ஆண்டு, என்ன வேலை, கடைசிச் சம்பளம் எவ்வளவு என்று முதலாளி எழுதித் தரும் பணிச் சான்று. இதைத்தான் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் என்கிறோம். ஐந்தாவது, கணக்குத் தீர்த்த விவரம். ஆறாவது, விசா ரத்தான தாள் அல்லது இறுதி எக்சிட் தாள்.

இந்த ஆறும் வெறும் காகிதம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு கொத்தனாரை எடுத்துக் கொள்வோம். அவருடைய விசாவில் ‘ஹெல்பர்’ என்று போட்டிருக்கிறது. ஆனால் எட்டு ஆண்டும் அவர் செய்தது கொத்து வேலை, டைல்ஸ் வேலை. ஊர் திரும்புகிறார். மறுபடியும் போக வேண்டிய நிலை வருகிறது. புதிய கம்பெனி கேட்கிறது: ‘கொத்தனார் என்பதற்கு என்ன அத்தாட்சி?’ கையில் தாள் இல்லை. மறுபடியும் ஹெல்பர் சம்பளம். எட்டு ஆண்டு அனுபவம் ஒரு தாள் இல்லாததால் சுழியமாகிறது. கை பேசும் என்பார்கள். கூலி நிர்ணயிக்கும் இடத்தில் கை பேசுவதில்லை, தோழர்களே, தாள்தான் பேசுகிறது.

இன்னொன்று. அவருக்கு வர வேண்டிய பணிக்கொடை, நின்றுபோன சம்பளம், விடுப்புக்கான பணம் ஆகிய எல்லாவற்றுக்கும் கணக்கு இந்தத் தாள்களில்தான் இருக்கிறது. நாளை அவருக்கு ஏதேனும் ஆனால், இழப்பீடு கேட்டு மனைவி போக வேண்டிய இடத்திலும் முதலில் கேட்கப்படுவது இதே தாள்கள்தாம்.

துண்டின் கதை

தொழிலாளியை அடக்குவதற்குச் சங்கிலி தேவையில்லை, ஒரு சீட்டு போதும் என்பதை நம் பாட்டன்மார் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் அனுபவித்தார்கள். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணி முன்பணம் கொடுத்து ஆட்களைக் கூட்டிப் போவார். கப்பல் செலவும் வழிச்சோறும் துணியும் கடனாக ஏறும். 1901-இல் தகரச் சீட்டு முறை வந்தது. எந்தத் தோட்டத்துக்கு உரிய ஆள் என்பதை ஒரு தகரத் தகட்டில் எண்ணாகப் பொறித்து ஆளிடம் கொடுத்தார்கள். மாட்டுக்குச் சூடு, மனிதனுக்குத் தகரம்.

தோட்டத்தில் சேர்ந்த பிறகு வேலையை விட்டு வேறு தோட்டம் போக விரும்பினால் ‘துண்டு’ வேண்டும். துண்டு என்றால் என்ன? ‘இத்தனை ரூபாய் கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன்’ என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. கங்காணி அந்தச் சீட்டை எடுத்துக் கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போவார். அந்தத் துரை கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக் கொள்வார். கடன் அழிந்ததா? இல்லை. துரை மாறினார், கடன் தொழிலாளியின் தலையில் அப்படியே இருந்தது, தோட்டம் மாறும்போதெல்லாம் கூடவும் கூடியது. பேரம் பேசியவர்கள் வேறு, சுமந்தவன் வேறு. 1921-இல் இலங்கையில் வந்த தொழிலாளர் சட்டம் இந்தத் துண்டு முறையை ஒழித்தது.

துண்டு ஒழிந்த பிறகும் பற்றுச்சீட்டு இருந்தது. வேலையிலிருந்து நீக்கப்படுகிறவனுக்குக் கொடுக்கும் சீட்டு அது. அது இல்லாமல் போனால் அடுத்த தோட்டத்தில் பேர் பதிய மாட்டார்கள். கொடுத்தால் வேலை போயிற்று. கொடுக்காவிட்டால் அடுத்த வேலையும் போயிற்று. இப்படிப்பட்ட காலத்தில்தான் தஞ்சையிலிருந்து போன கோ. நடேசய்யர் தேசநேசன், தேசபக்தன் என்று ஏடு நடத்தினார். 1931-இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் கண்டார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் பாட்டெழுதித் தொழிலாளரிடம் கொண்டு போனார். எழுதப் படிக்கத் தெரியாத மக்களிடம் சட்டத்தைக் கொண்டு சேர்ப்பதுதான் அன்று அவர்கள் செய்த பெரிய வேலை. நமக்கு முன்னோடி அவர்கள்.

தாள் இல்லாததன் மிகக் கொடிய விளைவு பின்னால் வந்தது. 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தகப்பனோ தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை நிறுவச் சொன்னது. லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்று எங்கே? மூன்று தலைமுறை உழைத்தவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பற்றிப் பேசியது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று எழுதினார்கள். அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர் நம் கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். இன்றும் அங்கே அவர்கள் பிள்ளைகள் பால் வெட்டுகிறார்கள். இது ஏதோ தொலைதூரக் கதை அல்ல.

துண்டின் பாடம் இதுதான். முதலாளி கையில் இருக்கும் சீட்டு தொழிலாளியைக் கட்டும். தொழிலாளி கையில் இருக்கும் சீட்டு அவனை விடுவிக்கும். சீட்டு ஒன்றுதான்; அது யார் கையில் என்பதே கேள்வி.

பாஸ்போர்ட் யாருடையது?

துண்டு போய்விட்டது. அதன் இடத்தில் இன்று பாஸ்போர்ட் வந்திருக்கிறது. விமான நிலையத்தில் இறங்கியதும் கம்பெனி ஆள் வாங்கிக் கொள்கிறார். ‘பத்திரமாக இருக்கும்’ என்கிறார். பத்திரம்தான், அவருக்கு!

நம் நாட்டின் 1967-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து என்கிறது. அது கம்பெனியின் சொத்தோ கஃபீலின் சொத்தோ இங்குள்ள ஏஜெண்டின் சொத்தோ அல்ல. 1977-இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை அரசு முடக்கியபோது அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1978 ஜனவரி 25 அன்று வந்த தீர்ப்பு, வெளிநாடு செல்லும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்றும், நியாயமான முறை இல்லாமல் அரசு கூட அதைப் பறிக்கக் கூடாது என்றும் சொன்னது. அரசுக்கே கட்டுப்பாடு என்றால், ஒரு கம்பெனி மேனேஜருக்கு அந்த அதிகாரத்தை யார் கொடுத்தது?

உலக அளவிலும் இதே பேச்சுதான். கட்டாய உழைப்பு நடக்கிறதா என்று கண்டறிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வகுத்துள்ள 11 அடையாளங்களில் ஒன்று, அடையாள ஆவணங்களை முதலாளி பிடித்து வைத்துக் கொள்வது. 1990 டிசம்பர் 18 அன்று ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற புலம்பெயர் தொழிலாளர் உடன்படிக்கையின் 21-ஆம் பிரிவு, சட்டப்படி அதிகாரம் பெற்ற அரசு அலுவலரைத் தவிர வேறு எவரும் ஆவணங்களைப் பறிக்கவோ அழிக்கவோ கூடாது என்கிறது. இலங்கை அதை ஏற்றிருக்கிறது. இந்தியா இன்னும் ஏற்கவில்லை. இத்தனை லட்சம் பிள்ளைகளை வெளியே அனுப்பும் நாடு ஏன் ஏற்கவில்லை என்று நாம் கேட்க வேண்டும்.

போகிற நாடுகளின் சட்டமும் முதலாளி பக்கம் இல்லை. கத்தாரில் 2015-ஆம் ஆண்டின் 21-ஆம் எண் சட்டம், பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்தால் 25,000 ரியால் வரை தண்டம் என்கிறது. மலேசியாவில் 1966-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி பிறர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது குற்றம். ஐக்கிய அரபு எமிரேட்சின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், தொழிலாளியின் ஆவணங்களை முதலாளி பிடித்து வைக்கக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறது.

ஆனால் ஒரு வாசலை மறந்து விடாதீர்கள். கத்தார்ச் சட்டத்தில், தொழிலாளியே எழுதிக் கேட்டுக் கொண்டால் முதலாளி பாதுகாப்பாக வைத்திருக்கலாம் என்று இடம் இருக்கிறது. அதனால்தான் வேலையில் சேர்ந்த முதல் நாளே பத்துத் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அதில் ஒரு தாள், ‘என் பாஸ்போர்ட்டை நீங்களே வைத்துக் கொள்ளுங்கள்’ என்பதாக இருக்கும். படிக்காமல் போட்ட கையெழுத்து, பறித்ததைக் கொடுத்ததாக மாற்றி விடும். அப்படிக் கொடுத்திருந்தாலும், கேட்டபோது திருப்பித் தர வேண்டும் என்பதே சட்டம்.

பணிச் சான்று முதலாளியின் தயவு அல்ல

‘சான்று கேட்டேன், தரமாட்டேன் என்று விட்டார்’ என்று சொல்கிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள். தருவதும் தராததும் அவர் விருப்பம் என்று நினைத்து வந்து விடுகிறோம். அது விருப்பம் அல்ல, கடமை.

சவூதித் தொழிலாளர் சட்டத்தின் 64-ஆம் பிரிவைப் பாருங்கள். ஒப்பந்தம் முடிந்ததும் தொழிலாளி கேட்டால், சேர்ந்த தேதி, விட்ட தேதி, தொழில், கடைசிச் சம்பளம் இவற்றை எழுதி இலவசமாகச் சான்று தர வேண்டும். தொழிலாளி கொடுத்து வைத்த எல்லாச் சான்றிதழ்களையும் ஆவணங்களையும் திருப்பித் தர வேண்டும். அவன் பெயரைக் கெடுக்கும்படியோ அடுத்த வேலையைத் தடுக்கும்படியோ சான்றில் எழுதக் கூடாது. எமிரேட்சின் சட்டமும் இதையே சொல்கிறது. அங்கே வேலையின் பெயர் ‘அல்லது வேலையின் தன்மை’ என்று இருக்கிறது. ஹெல்பர் விசாவில் போய்க் கொத்து வேலை செய்தவர் பிடித்துக் கொள்ள வேண்டிய சொல் அது. ‘நான் செய்த வேலையின் தன்மையை எழுதுங்கள்’ என்று கேட்கலாம். கத்தாரின் 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 53-ஆம் பிரிவும் இலவசச் சான்றையும் ஆவணங்களைத் திருப்பித் தருவதையும் கடமையாக்குகிறது.

இந்தச் சட்டங்கள் எல்லாவற்றிலும் ஒரு பொதுச் சொல் இருப்பதைக் கவனியுங்கள்: ‘தொழிலாளி கேட்டால்’. கேட்காதவனுக்குச் சட்டம் இல்லை. வாயால் கேட்டாலும் பிறகு நிறுவ முடியாது. எழுதிக் கேளுங்கள், செல்போனில் செய்தியாக அனுப்புங்கள், அனுப்பியதைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.

தாளும் பணமும்

இப்போது கணக்குக்கு வருவோம். எமிரேட்சில் முதல் 5 ஆண்டுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடை. அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். அடிப்படைச் சம்பளம் 1,000 திர்ஹாம், வேலை 7 ஆண்டு என்று வைத்துக் கொள்ளுங்கள். முதல் 5 ஆண்டுக்கு 105 நாள், அதாவது 3,500 திர்ஹாம். அடுத்த 2 ஆண்டுக்கு 60 நாள், அதாவது 2,000 திர்ஹாம். ஆக 5,500 திர்ஹாம். ‘நீ எங்களிடம் 3 ஆண்டுதான் வேலை செய்தாய்’ என்று முதலாளி சொன்னால் அது 2,100 திர்ஹாமாகக் குறைந்து விடும். நடுவில் இருக்கும் 3,400 திர்ஹாமைக் காப்பாற்றுவது எது? சேர்ந்த தேதி போட்ட ஒரு தாள்.

சவூதியில் முதல் 5 ஆண்டுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், பிறகு ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். தொழிலாளியே ராஜினாமா செய்தால் கணக்கு மாறும்: 2 முதல் 5 ஆண்டு வரை மூன்றில் ஒரு பங்கு, 5 முதல் 10 வரை மூன்றில் இரண்டு பங்கு, 10 ஆண்டு நிறைந்தால் முழுவதும். ஆகவே ‘ராஜினாமா என்று எழுதிக் கொடு, சீக்கிரம் எக்சிட் அடித்துத் தருகிறேன்’ என்று மேனேஜர் அன்போடு சொன்னால், அந்த அன்புக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது என்று புரிந்து கொள்ளுங்கள். அவர் அனுப்புகிறாரா, நாம் விடுகிறோமா என்பது தாளில் ஒரு சொல். கையில் பல மாதச் சம்பளம். கத்தாரில் ஓராண்டு முடிந்தவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 3 வாரச் சம்பளம். குவைத்தில் மாதச் சம்பளக்காரருக்கு முதல் 5 ஆண்டுக்கு 15 நாள் வீதம், பிறகு ஆண்டுக்கு ஒரு மாதம்.

எப்போது தர வேண்டும்? எமிரேட்சில் ஒப்பந்தம் முடிந்த 14 நாளுக்குள். சவூதியில் முதலாளி நிறுத்தினால் ஒரு வாரத்துக்குள், தொழிலாளி விட்டால் இரண்டு வாரத்துக்குள். தரவில்லை என்றால் வழக்குப் போடக் கெடுவும் உண்டு. சவூதியிலும் கத்தாரிலும் வேலை முடிந்து ஓராண்டு. எமிரேட்சில் 2024-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டு. ஊருக்கு வந்து, கல்யாணம் முடித்து, வீடு பூசி, ஆடி போய் ஆவணி போய்ப் பார்ப்போம் என்று இருந்தால் கெடு தாண்டி விடும்.

வெள்ளைத் தாளில் கையெழுத்து

ஊர் திரும்பும் நாளில்தான் பெரிய மோசடி நடக்கிறது. இரவு விமானம். மாலையில் அலுவலகத்துக்கு அழைக்கிறார்கள். ஒரு கையில் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும். இன்னொரு கையில் அரபு மொழியில் ஒரு தாள். ‘எனக்கு வர வேண்டியது எல்லாம் வந்து விட்டது, இனி எந்தப் பாக்கியும் இல்லை’ என்று அதில் இருக்கும். கையெழுத்துப் போட்டால்தான் பாஸ்போர்ட். வீட்டு நினைவில் இருக்கிறவன் போட்டு விடுகிறான். பிறகு எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும் முதலாளி அந்தத் தாளைத்தான் நீட்டுவார்.

இதற்கு வழி, கடைசி நாள் வரை காத்திருக்காமல் இருப்பதுதான். வேலையை விடுவதாக நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்தே கேட்கத் தொடங்க வேண்டும். முதலில் பணிச் சான்று. அடுத்து கணக்கு விவரம். பணம் வங்கிக்கு வந்த பிறகு கையெழுத்து. அதற்குப் பிறகுதான் விசா கேன்சல். இந்த வரிசை தலைகீழானால் நாமும் தலைகீழாவோம். புரியாத மொழித் தாள் என்றால் மொழிபெயர்ப்புக் கேளுங்கள். எமிரேட்சின் தொழிலாளர் அமைச்சகம் ஒப்பந்தத்தைத் தமிழிலும் தர ஏற்பாடு செய்திருக்கிறது, கேட்டு வாங்குங்கள். வேறு வழியே இல்லாமல் கையெழுத்திட நேர்ந்தால், தேதியையும் ‘பணம் பெறவில்லை’ என்பதையும் தமிழிலாவது எழுதிக் கையெழுத்திடுங்கள்; தாளைப் படம் எடுத்துக் கொள்ளுங்கள்.

கேட்டால் ‘ஹுரூப்’ போட்டு விடுவேன், ஓடிப்போனவன் என்று பதிவு செய்து விடுவேன் என்று மிரட்டுவார்கள். அந்த மிரட்டல் வருவதற்கு முன்பே தூதரகத்தின் தொழிலாளர் பிரிவிலும், 2015-இல் வெளியுறவு அமைச்சகம் தொடங்கிய மதத் இணையதளத்திலும் புகார் பதிந்து வைத்தால், ஓடியவன் அல்லன், உரிமை கேட்டவன் என்பதற்கு அதுவே எழுத்து. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கம்பெனி கையில் இருக்கும் பாஸ்போர்ட்டைத் ‘தொலைந்து விட்டது’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள். அது பொய் வாக்குமூலம். கம்பெனி செய்த குற்றம் நம் குற்றமாக மாறும். ‘முதலாளி வைத்திருக்கிறார்’ என்று உண்மையையே எழுதுங்கள். எதுவும் நடக்காவிட்டால் அவுட் பாஸ் என்கிற வெள்ளைப் பாஸ்போர்ட் இருக்கிறது. அது ஊர் வந்து சேர ஒருவழித் தாள் மட்டுமே. அதையே முதல் வழியாக எடுக்க வேண்டாம்.

ஜித்தா கற்பித்த பாடம்

2016-இல் சவூதியின் பெரிய கட்டுமானக் கம்பெனிகளில் ஒன்றான சவூதி ஓஜர் முடங்கியது. மாதக் கணக்கில் சம்பளம் இல்லை. ஜித்தா முகாம்களில் ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் சோற்றுக்குத் தவித்தார்கள். அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் நாடாளுமன்றத்தில் இதைப் பற்றி அறிக்கை தந்தார். இலவசமாக ஊர் அனுப்ப ஏற்பாடாயிற்று. புறப்படுமுன் நிலுவையைத் தொழிலாளர் அலுவலகத்தில் பதிந்து விட்டு வாருங்கள் என்று சொன்னார்கள். 2017-இல் கம்பெனியே மூடப்பட்டது. ஆண்டுகள் ஓடின. 2024-இல் அதே கம்பெனியில் வேலை செய்த பிலிப்பைன்ஸ் தொழிலாளர்களுக்கு நிலுவைக் காசோலைகள் வரத் தொடங்கின. எட்டு ஆண்டுக்குப் பிறகும் பணம் வர முடியும் என்பதும், தங்கள் அரசு விடாமல் துரத்தினால்தான் வரும் என்பதும், பெயரும் கணக்கும் பதிந்திருந்தால்தான் கைக்குக் கிடைக்கும் என்பதும் இதில் தெரிகிறது.

2020 மே 7 முதல் கொரோனாக் காலத்தில் வந்தே பாரத் விமானங்களில் பல லட்சம் பேர் திரும்பினார்கள். உயிரோடு வந்ததே போதும் என்ற நேரம் அது. சம்பளப் பாக்கியைக் கேட்க யாருக்கும் மனம் இல்லை. ஆசியப் புலம்பெயர் தொழிலாளர் அமைப்புகள் சேர்ந்து ‘இது கூலித் திருட்டு’ என்று அந்த ஆண்டே இயக்கம் தொடங்கின. திருட்டு என்ற சொல் சரியான சொல். ஆனால் திருட்டை நிறுவத் தாள் வேண்டும். அவசரத்தில் ஓடி வந்தவன் கையில் அது இல்லை.

வீட்டு வேலைக்குப் போன பெண்கள்

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கடையிலும் கம்பெனியிலும் வேலை செய்கிறவருக்குப் பக்கத்தில் நாலு பேர் இருப்பார்கள். வீட்டு வேலைக்குப் போன பெண்ணுக்குச் சாட்சி அந்த வீட்டின் சுவர்தான். வளைகுடா நாடுகளின் பொதுத் தொழிலாளர் சட்டங்கள் அவர்களை வெளியே நிறுத்தின. பிறகுதான் தனிச் சட்டங்கள் வந்தன: குவைத்தில் 2015-இல், கத்தாரில் 2017-இல், எமிரேட்சில் 2017-இல் வந்து 2022-இல் புதுப்பிக்கப்பட்டது. குவைத்தின் சட்டம், பெண்ணின் சம்மதம் இல்லாமல் பாஸ்போர்ட்டையும் அடையாள அட்டையையும் வீட்டுக்காரர் வைத்திருக்கக் கூடாது என்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2011-ஆம் ஆண்டு 189-ஆம் உடன்படிக்கை, வீட்டுப் பணியாளர் தம் ஆவணங்களைத் தாமே வைத்திருக்கும் உரிமையை ஒப்புக் கொள்கிறது. சட்டம் இருக்கிறது, அடுக்களைக்குள் அது நுழைய வேண்டும். பெண்ணின் பாஸ்போர்ட், விசா, வீட்டுக்காரர் பெயர், முகவரி, தொலைபேசி எண் இத்தனையும் போகுமுன்பே பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் இருக்கட்டும்.

நாம் செய்ய வேண்டியது

நம் சங்கத்தின் ஒவ்வொரு குடும்பமும் ஒரு கோப்பு வைக்க வேண்டும். பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் நகைக் கடைச் சீட்டை வைக்கிறோம் அல்லவா? அதற்கு மேல் இந்தக் கோப்பை வையுங்கள். பாஸ்போர்ட் படி, ஒப்பந்தப் படி, ஏஜெண்ட் பணம் வாங்கிய ரசீது, பிரவாசி பாரதீய காப்பீட்டுத் தாள் இவை போகுமுன். மாதச் சம்பளம் வந்த விவரம் மாதாமாதம். பணிச் சான்றும் கணக்கும் திரும்பும்போது. அங்கே இருப்பவன் இடம் மாறுவான், செல்போன் உடையும். வீட்டில் இருக்கும் படி அழியாது. கணவன் அங்கே உழைக்கிறான். இங்கே மனைவி அந்த உழைப்புக்குக் கணக்கப்பிள்ளையாக இருக்க வேண்டும்.

பத்தாவது தேறிய இளைஞர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாவது தேறாதவர் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் அரசின் அனுமதி முத்திரை வேண்டும். அதற்காக ஒப்பந்தம் அரசிடம் பதிவாகும். தேறியவருக்கு அந்த முத்திரை தேவையில்லை. படித்தவன் தன்னைத் தானே பார்த்துக் கொள்வான் என்பது அரசின் எண்ணம். அவனுடைய ஒப்பந்தமோ பல நேரம் எந்த ஏட்டிலும் இருப்பதில்லை. பதிவு பெற்ற ஏஜெண்ட் வழியே மட்டும் போங்கள். ஒப்பந்தத்தைக் கண்ணால் பார்க்காமல் விமானம் ஏறாதீர்கள்.

இனி நாம் அரசுகளிடம் கேட்க வேண்டியவை. ஒன்று, புலம்பெயர் தொழிலாளர் உடன்படிக்கையையும் 189-ஆம் உடன்படிக்கையையும் இந்தியா ஏற்க வேண்டும். இரண்டு, வளைகுடாத் தூதரகங்களின் தொழிலாளர் பிரிவில் தமிழ் தெரிந்தவர் இருக்க வேண்டும். மூன்று, பத்தாவது தேறினாலும் தேறாவிட்டாலும் எல்லாத் தொழிலாளரின் ஒப்பந்தமும் பதிவாக வேண்டும். நான்கு, திரும்பி வருகிறவர் நிலுவையையும் வராத தாளையும் பதிந்து வைக்க விமான நிலையத்திலேயே ஓர் இடம் வேண்டும். ஐந்து, நம்மைப் போல் வேர் தமிழ்நாட்டிலும் பாஸ்போர்ட் முகவரி பெங்களூரிலும் உள்ளவர்களை இரு மாநில அரசுகளும் பந்து போல் உதைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலனுக்கு ஆணையரகம் இருக்கிறது; கர்நாடகத்தில் அனிவாசி பாரதீய சமிதி இருக்கிறது. இரண்டு கதவையும் நாம் தட்டுவோம். எந்தக் கதவு திறந்தாலும் அது நம் உரிமையே தவிர யாருடைய கருணையும் அல்ல.

தோழர்களே! உழைப்பை வாங்கிக் கொண்டு உழைத்ததற்கான எழுத்தைத் தராதவன், கூலியில் ஒரு பங்கைத் தன்னிடமே நிறுத்திக் கொள்கிறான். இலங்கைத் தோட்டத்தில் அந்தத் துண்டைக் கேட்டு வாங்கும் உரிமை நம் பாட்டனுக்கு இல்லை. நமக்குச் சட்டம் இருக்கிறது, பிரிவு எண் இருக்கிறது, கெடு நாள் இருக்கிறது. கேட்க வேண்டும், எழுதிக் கேட்க வேண்டும், சேர்ந்து கேட்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் கிளைச் செயலாளரின் மேசைக்கு வாருங்கள். வெளிநாட்டில் இருப்பவர் பெயர், நாடு, எந்தத் தாள் கையில் இருக்கிறது, எது இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்தப் பட்டியலோடு அடுத்த வேலையைத் தொடங்குவோம்.